‘ரிலை’ என்ற ஆங்கிலச் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர், ஈ, எல், ஒய். நான்கே எழுத்துதான். ஆனால் ஆங்கிலம் கற்கிறவர்களும் மொழிபெயர்ப்பு செய்கிறவர்களும் ‘ரிலை’ என்ற இந்த வினைச்சொல்லில் திரும்பத் திரும்ப இடறுகிறார்கள். ‘நம்பு’ என்று எழுதினால் ஓர் இடத்தில் பொருந்துகிறது, அடுத்த வரியில் உதைக்கிறது. ‘சார்ந்திரு’ என்று மாற்றினால் பாடப்புத்தக வாடை வந்துவிடுகிறது. இந்தச் சொல்லைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளும் பதில்களும் கீழே.

சுருக்கமாக, ‘ரிலை’ என்றால் என்ன?

ஒருவரையோ ஒரு பொருளையோ நம்பி, அந்த நம்பிக்கையில் காரியத்திலும் இறங்கிவிடுவது. ‘இறங்கிவிடுவது’ என்ற பகுதிதான் இதில் முக்கியம். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா என்று கேட்கிறோம் அல்லவா? கரையில் நின்றுகொண்டு ‘நல்ல குதிரைதான்’ என்று நினைக்கிற வரைக்கும் ஆங்கிலத்தில் அது ‘பிலீவ்’. ஏறி உட்கார்ந்து தண்ணீருக்குள் விட்டால் ‘ரிலை’. குதிரை கரைந்தால் முழுகப் போவது ஏறினவர்தான்.

அகராதிகள் ‘நம்பு’, ‘சார்ந்திரு’ என்று இரண்டு பொருள் தருவது இதனால்தான். இரண்டும் சேர்ந்துதான் இந்தச் சொல். வாக்கியத்துக்கு வாக்கியம் ஏதாவது ஒன்று தூக்கலாகத் தெரியும், அவ்வளவே.

எப்படி உச்சரிப்பது?

‘ரி’ மெல்ல, ‘லை’ அழுத்தி. ‘லைட்’, ‘லைன்’ என்பவற்றில் வரும் அதே ‘லை’. தமிழ்ப் பேச்சில் சொல்லின் கடைசி ஐகாரம் குறுகிவிடும். மலையை ‘மல’ என்கிறோம், இலையை ‘எல’ என்கிறோம். அந்தப் பழக்கத்தில் இதுவும் ‘ரில’ ஆகிவிடக் கூடாது.

‘ரிலே’ என்று நீட்டினால் அது வேறு சொல். ரிலே ரேஸ், மோட்டார் ஸ்டார்ட்டரில் இருக்கும் ரிலே எல்லாம் அது. தகவலை ஒருவரிடம் வாங்கி இன்னொருவருக்குக் கடத்துவதும் ‘ரிலே’தான். எழுத்தில் நடுவே ஒரு ‘ஏ’ கூடுதல். இறந்தகாலம் ‘ரிலைட்’: ஒய் போய் ஐ, ஈ, டி வரும். ‘ரிலையிங்’ என்னும்போது ஒய் அப்படியே இருக்கும்.

எல்லா இடத்திலும் ‘நம்பு’ என்று போட்டால் என்ன?

‘நம்பு’ தமிழில் அளவுக்கு மீறி உழைக்கிற சொல். ஆங்கிலத்தில் ஐந்து பேர் பார்க்கிற வேலையை அது ஒற்றை ஆளாகப் பார்க்கிறது.

‘நீ சொல்றத நம்புறேன்’ என்றால் ‘பிலீவ்’. ‘கடவுளை நம்புகிறேன்’ என்றால் ‘பிலீவ் இன்’. ‘பீரோ சாவியை அவரிடம் நம்பிக் கொடுக்கலாம்’ என்பதில் ‘டிரஸ்ட்’. ‘உன்னை நம்பித்தான் இந்த வேலையை ஒத்துக்கிட்டேன்’ என்பதில் ‘ரிலை’. ‘எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்’ என்று கடிதத்தில் எழுதுகிறோமே, அது இந்த நான்கும் இல்லை, ‘ஹோப்’.

கடைசியில் சொன்னதுதான் அதிகம் காலை வாருகிறது. அதை அப்படியே ‘ஐ பிலீவ் யூ ஆர் வெல்’ என்று எழுதினால், ‘நீங்கள் நலம் என்பது என் அபிப்பிராயம்’ என்பதுபோல ஆங்கிலக் காதுக்குப் படும். பழைய ‘நலம், நலமறிய ஆவல்’ இந்தக் குழப்பத்துக்கே இடம் வைக்கவில்லை. ஆசையை ஆசை என்றே சொல்லிவிட்டது.

ஆனால் தமிழிலும் இந்த வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது. சொல்லில் இல்லை, சொல் நிற்கிற இடத்தில் இருக்கிறது. ‘நம்புகிறேன்’ என்று வாக்கியம் முடிந்தால் பெரும்பாலும் அது பிலீவ், டிரஸ்ட், ஹோப் என்ற மூன்றில் ஒன்று. ‘நம்பி’ என்று எச்சமாக நின்று பின்னால் இன்னொரு வினை வந்தால் ஏறக்குறைய எப்போதும் ‘ரிலை’: நம்பி வந்தேன், நம்பிக் கடன் வாங்கினேன், நம்பி விதைத்தார்கள், நம்பியிருக்கிறோம். சாவியை நம்பிக் கொடுப்பது போன்ற இடங்களில் மட்டும் ‘டிரஸ்ட்’ குறுக்கே வரும். ஒரு பொருளை ஒப்படைக்கிற வாக்கியம் அது. மற்றபடி, மொழிபெயர்க்கும்போது முதலில் ‘நம்பி’ போட்டுப் பின்னால் ஒரு வினை ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டினால் வேலை முடிந்தது. ‘சார்ந்துள்ளனர்’ வரைக்கும் போகவே வேண்டாம்.

‘டிரஸ்ட்’ என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் நம்பிக்கைதானே?

ஒன்று இல்லாமல் மற்றது இருக்க முடியும். அதுவே வித்தியாசம்.

ஒரு கிராமத்துக்கு ஒரே ஒரு டவுன் பஸ் என்று வைத்துக்கொள்வோம். காலை ஏழரைக்கு வர வேண்டியது. சில நாள் ஏழே முக்காலுக்கு வரும், சில நாள் வரவே வராது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், பால் கேன், பூக்கூடை எல்லாம் அதற்காகத்தான் புளியமரத்தடியில் நிற்கின்றன. அந்த பஸ்ஸின் மேல் யாருக்கும் ‘டிரஸ்ட்’ கிடையாது, திட்டிக்கொண்டேதான் நிற்கிறார்கள். ஆனாலும் எல்லோரும் ‘ரிலை’ செய்வது அதன் மேல்தான். வேறு வண்டி இல்லை. மறுபுறம், வெளியூரில் இருக்கும் பெரியப்பா மேல் உங்களுக்கு முழு ‘டிரஸ்ட்’ இருக்கலாம். அன்றாடக் காரியம் எதற்கும் அவரை எதிர்பார்ப்பதில்லை.

‘டிரஸ்ட்’ ஆளின் குணத்தைப் பார்த்து வருவது. ‘ரிலை’க்குக் குணம் தேவையில்லை, வேலை நடந்தால் போதும். நியூசிலாந்தில் பிறந்த தத்துவப் பேராசிரியர் ஆனெட் பேயர் 1986-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதை அழகாகப் பிரித்துக் காட்டினார். ஜெர்மானியத் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட், கோனிக்ஸ்பெர்க் நகரில் கடிகாரம் மாதிரி வாழ்ந்தவர். அவருடைய நடமாட்டத்தைப் பார்த்து அக்கம்பக்கத்தார் நேரம் தெரிந்துகொள்வார்கள் என்று சொல்வதுண்டு. ஒருநாள் கான்ட் தூங்கிப்போனால் அவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம், ஆனால் ‘எங்களுக்குத் துரோகம் செய்துவிட்டார்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்பது பேயரின் வாதம். ‘ரிலை’ உடைந்தால் ஏமாற்றம், ‘டிரஸ்ட்’ உடைந்தால் துரோகம். பஸ் வராவிட்டால் எரிச்சல் வரும். சாவியை வாங்கினவர் பீரோவைத் துடைத்துவிட்டால் வருவது வேறு.

‘டிபென்ட்’ என்பதும் ‘ரிலை’யும் ஒன்றா?

பாதி ஒன்று. ஒருவரின் உதவியால் வாழ்வது, ஒன்றை நம்பி இருப்பது என்ற பொருளில் இரண்டையும் மாற்றிப் போடலாம். ஆனால் ‘டிபென்ட்’டுக்கு இன்னொரு வேலை உண்டு: ‘பொறுத்தது’. ‘நாளைக்கு வருவியா?’ என்று கேட்டால் ‘இட் டிபென்ட்ஸ்’ எனலாம். ‘இட் ரிலைஸ்’ என்று சொல்லவே முடியாது.

மழையை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். ‘விளைச்சல் மழையைப் பொறுத்தது’ என்றால் ‘டிபென்ட்’. விளைச்சல் எதையும் நம்புவதில்லை, அது ஒரு விளைவு. ‘மழையை நம்பி விதைத்தார்கள்’ என்றால் ‘ரிலை’. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் வருகிறது. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டு மானாவாரி விவசாயிகள் புரட்டாசியில், மழை விழுவதற்கு முன்பாகவே, காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். விதை, உழவுக்கூலி, உரம் எல்லாம் அதற்குள் செலவாகியிருக்கும். ‘ரிலை’ என்ற சொல்லுக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைப்பது கஷ்டம். ‘வானம் பார்த்த பூமி’ என்ற தொடரையும் ‘ரிலை’ போட்டே ஆங்கிலத்தில் விளக்கிவிடலாம்.

கூடவே இரண்டு சின்னக் குறிப்புகள். ‘டிபென்டென்ட்’ என்பதற்குப் பின்னால் ‘ஆன்’ வரும், ‘இன்டிபென்டென்ட்’ என்பதற்குப் பின்னால் ‘ஆஃப்’ வரும்; பலர் அங்கேயும் ‘ஆன்’ போட்டுவிடுகிறார்கள். மருத்துவக் காப்பீட்டுப் படிவத்தில் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் பெயர் எழுதச் சொல்லும் கட்டத்தில் இருக்கும் ‘டிபென்டன்ட்’டை ஆங்கிலேயர்கள் ஏ போட்டு எழுதுவது வழக்கம், அமெரிக்கர்கள் ஈ போடுவார்கள். இரண்டும் சரி.

‘கவுன்ட் ஆன்’, ‘பேங்க் ஆன்’ எப்போது?

பேச்சில். ‘கவுன்ட் ஆன்’ என்பது இனி நடக்கப் போவதை நினைத்துச் சொல்வது: ‘கல்யாணத்துக்கு வருவான்னு கணக்கு பண்ணி வச்சிருக்கேன்.’ ‘டோன்ட் கவுன்ட் ஆன் இட்’ என்றால் ‘அத நம்பிக்கிட்டு இருக்காத’. ‘பேங்க் ஆன்’ இன்னும் சகஜமான பேச்சு. அலுவலகக் கடிதத்தில் இரண்டையும் தவிர்த்து ‘ரிலை ஆன்’ எழுதினால் மரியாதையாக இருக்கும்.

பின்னால் ‘ஆன்’ கட்டாயமா?

கட்டாயம். ‘ஐ ரிலை யூ’ என்று ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் கிடையாது. ‘ஐ டிரஸ்ட் யூ’ இருக்கிறது, ‘ஐ பிலீவ் யூ’ இருக்கிறது. ‘உன்னை நம்புகிறேன்’ என்று தமிழில் ‘ஐ’ உருபோடு முடிந்துவிடுவதால் நமக்கு இந்த ‘ஆன்’ தேவையற்ற ஒட்டுப்போலத் தெரிகிறது. தவறு அதிகம் நடப்பதும் இங்கேதான். ‘உன் மேல பாரத்தைப் போட்டிருக்கேன்’ என்று சொல்கிறோமே, அந்த ‘மேல’தான் இந்த ‘ஆன்’. ‘அப்பான்’ என்றாலும் சரியே, கொஞ்சம் எழுத்துநடை.

செயப்பாட்டு வினையிலும் ‘ஆன்’ விடாமல் கூடவே வரும்: ‘ஹீ கேனாட் பி ரிலைட் ஆன்’. அவரை நம்பி எதிலும் இறங்க முடியாது என்று பொருள். வாக்கியம் ‘ஆன்’ என்று முடிகிறதே என்று பதறி அதை வெட்டிவிடாதீர்கள்.

அதற்குப் பின்னால் வரும் அமைப்புகள் நான்கு வகை. ஆளோ பொருளோ மட்டும் வரலாம்: ‘வீ ரிலை ஆன் த பஸ்.’ எதற்காக என்று ‘ஃபார்’ சேர்க்கலாம்: ‘தே ரிலை ஆன் த டேங்க் ஃபார் வாட்டர்.’ அதாவது தண்ணீருக்கு அந்தத் தொட்டியைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஆளைச் சொல்லி அவர் செய்ய வேண்டியதை ‘டு’ போட்டுச் சொல்லலாம்: ‘ஐ ரிலை ஆன் ஹர் டு லாக் த ஷாப்.’ கடையைப் பூட்டுவதை அவள் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன். கடைசியாக, ‘இங்’ வடிவம்: ‘டோன்ட் ரிலை ஆன் கெட்டிங் எ சீட்.’ இடம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதே. ‘ரிலை ஆன் தட்’ என்று தொடங்கி ஒரு முழு வாக்கியத்தை ஒட்டுவது மட்டும் கூடாது. அப்படிச் சொல்ல வேண்டியிருந்தால் நடுவில் ‘த ஃபேக்ட்’ போட வேண்டும்.

அளவைச் சொல்ல ‘ஹெவிலி’ என்பதுதான் இதற்கு ஜோடி. ‘ரிலை ஹெவிலி ஆன்’ செய்தித்தாள் ஆங்கிலத்தில் தினமும் கண்ணில் படும். ‘வெரி மச்’ போட்டால் புரியும், ஆனால் வெளியாள் எழுதினது என்று தெரிந்துவிடும்.

‘ஐ ரிலை ஆன் யூ’, ‘ஐ ஆம் ரிலையிங் ஆன் யூ’: எது சரி?

இரண்டும் சரி, சொல்கிற சமயம் வேறு. முதலாவது வழக்கத்தைச் சொல்கிறது: எப்போதும் உன்னைத்தான் நம்பி நடக்கிறேன். இரண்டாவது இந்த ஒரு காரியத்துக்கு, இப்போது: ‘உன்னத்தான் நம்பியிருக்கேன், கவுத்துடாத.’ அதில் மெல்லிய அழுத்தம் இருக்கிறது. கேட்பவருக்குத் தோளில் கை வைத்த மாதிரி இருக்கும்.

‘ரிலையபிள்’, ‘ரிலையன்ட்’ குழம்புகிறதே?

நம்பப்படுவது ‘ரிலையபிள்’, நம்பியிருப்பது ‘ரிலையன்ட்’. கிணறு ‘ரிலையபிள்’, கிணற்றை நம்பியிருக்கும் தெரு ‘ரிலையன்ட்’. ‘ரிலையன்ட்’டுக்குப் பின்னாலும் ‘ஆன்’ வரும், ‘ரிலையபிள்’ தனியாக நிற்கும். ‘ஐ ஆம் ரிலையன்ட்’ என்று நேர்முகத் தேர்வில் சொல்லிவிட்டால், ‘யார் கையை எதிர்பார்த்து?’ என்ற கேள்விதான் எதிரில் இருப்பவர் மனதில் எழும்.

பத்திரிகைத் தமிழில் ‘நம்பத்தகுந்த வட்டாரங்கள்’ என்று வருவது ‘ரிலையபிள் சோர்ஸஸ்’ என்பதன் தமிழ் வடிவம். பெயர்ச்சொற்கள் இரண்டு. நம்பியிருக்கும் நிலை ‘ரிலையன்ஸ்’, நம்பத்தகுந்த தன்மை ‘ரிலையபிலிட்டி’. பின்னதை ‘நம்பகத்தன்மை’ என்கிறோம். ‘கிரெடிபிலிட்டி’ என்பதற்கும் அதே சொல்லைத்தான் போடுகிறோம். ஒரு சாட்சியின் பேச்சு எடுபடுமா என்பது ‘கிரெடிபிலிட்டி’. ஓர் இயந்திரம் நாள் தவறாமல் ஓடுமா என்பது ‘ரிலையபிலிட்டி’. ஒரே கட்டுரையில் இரண்டும் வந்தால் சாட்சிக்கு ‘நம்பகத்தன்மை’ வைத்துக்கொண்டு, இயந்திரத்துக்கு ‘தவறாது இயங்கும் தன்மை’ என்று விரித்து எழுதுவது என் யோசனை.

‘ரிலையபிள்’ தவறான ஆங்கிலம் என்று ஒரு காலத்தில் சண்டை நடந்ததாமே?

நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலக்கணக்காரர்கள் இதைப் போட்டு வதைத்தார்கள். ‘ரிலை’க்கு ‘ஆன்’ கட்டாயம் என்றால், அந்த ‘ஆன்’ இல்லாமல் ‘ஏபிள்’ மட்டும் ஒட்டியது எப்படி, ‘ரிலைஆனபிள்’ என்றல்லவா வர வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. மறுதரப்பு பதில் எளியது: ‘லாஃப்’ என்பதற்குப் பின்னால் ‘அட்’ வர வேண்டும், ஆனால் ‘லாஃபபிள்’ என்று எல்லோரும் சொல்கிறீர்களே?

இதற்காகவே ஒருவர் முழுப் புத்தகம் எழுதினார். ஃபிட்ஸ்எட்வர்ட் ஹால், 1877-இல். அமெரிக்காவில் பிறந்தவர், 1846-இல் கங்கை முகத்துவாரத்தில் கப்பல் உடைந்து இந்தியாவில் கரையேறி, அப்புறம் காசி அரசு சமஸ்கிருதக் கல்லூரியில் பேராசிரியராகவும் இருந்தவர். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்குக் கூலியில்லாமல் மலைமலையாய் வேலை செய்தவர்களில் ஒருவர். ‘ஏபிள்’ என்று முடியும் பெயரடைகளைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சியின் மையமே இந்த ‘ரிலையபிள்’தான். சண்டையில் ‘ரிலையபிள்’ வென்றது. இன்று யாரும் அதைத் தவறு என்பதில்லை.

சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீனில் ‘ரெலிகாரே’, இறுக்கிக் கட்டுதல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது முதலில் சிதறிய படையை ஒன்றுகூட்டுவது என்ற பொருளில்தான் இருந்தது. ஆளோடு ஆள் சேர்ந்து நிற்பது பிறகு ஆளை நம்பி நிற்பதாக மாறியது. எலும்புகளைக் கட்டும் ‘லிகமென்ட்’, கூட்டாளி என்ற பொருளில் வரும் ‘அலை’ எல்லாம் அதே கட்டில் வந்தவை. ‘டிபென்ட்’டின் வேர் ‘தொங்குவது’. கழுத்தில் தொங்கும் ‘பென்டன்ட்’ அதற்கு உறவு.

நீதிமன்றத் தீர்ப்புகளில் ‘ரிலைட் அப்பான்’ என்று வருகிறதே, அங்கேயும் நம்பிக்கையா?

இல்லை. வழக்கறிஞர் ஒரு பழைய தீர்ப்பின் மேல் ‘ரிலை’ செய்தார் என்றால், அதைத் தன் வாதத்துக்கு ஆதாரமாகக் காட்டினார் என்று பொருள். ‘அந்தத் தீர்ப்பை நம்பினார்’ என்று மொழிபெயர்த்தால் சிரிப்புதான் வரும். சுங்கத்துறை, ஜிஎஸ்டி விளக்கம் கேட்கும் நோட்டீஸ்களோடு ‘ரிலைட் அப்பான் டாக்குமென்ட்ஸ்’ என்று ஒரு கட்டு வரும். அதிகாரி தன் குற்றச்சாட்டுக்கு ஆதாரமாகக் கொள்ளும் ஆவணங்கள் அவை.

ஆனால் சட்டத்துக்குள் இன்னொரு ‘ரிலை’யும் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, ஒருவர் வேண்டுமென்றே தன் சொல்லாலோ செயலாலோ இன்னொருவரை ஒரு விஷயம் உண்மை என்று நம்பவைத்து, அந்த நம்பிக்கையின்படி நடக்கவும் வைத்துவிட்டால், பிறகு ‘அது உண்மையில்லை’ என்று தானே மறுக்க முடியாது என்றது. நம்பவைத்தால் மட்டும் போதாது, நம்பி நடந்திருக்க வேண்டும். ‘பிலீவ்’ வேறு, ‘ரிலை’ வேறு என்பதைச் சட்டம் எழுதினவர்கள் கச்சிதமாகப் பிரித்திருக்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியம் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்துவிட்டது, இந்த விதி அதிலும் தொடர்கிறது.

‘இந்தத் தகவலின் மேல் ரிலை செய்ய வேண்டாம்’ என்ற பொறுப்புத் துறப்பு எதற்கு?

இதே காரணத்துக்காகத்தான். ‘படித்துக்கொள், ஆனால் இதை நம்பிக் காசு போட்டுவிட்டு என்மேல் வழக்குப் போடாதே.’ தமிழில் ‘இதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்’ என்பது போதும்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் மேல் ‘ரிலை’ செய்கிறது என்கிறார்கள். இயந்திரம் நம்புமா?

தமிழில் நம்பாது, ஆங்கிலத்தில் நம்பும். இயங்குகிற எந்த அமைப்பையும் எழுவாயாக்கி ‘ரிலை’ போடலாம். இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்க ஜிபிஎஸ் கருவிக்குக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை வேண்டும். ஆங்கிலம் அதை ‘ரிலைஸ் ஆன்’ என்று சொல்லிவிடும். தமிழில் ‘நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கொண்டு இயங்குகிறது’, அல்லது ‘அவை இல்லாமல் நடக்காது’. இங்கே ‘நம்பி’யும் வேண்டாம், ‘சார்ந்து’ம் வேண்டாம்.

கணினித் துறையில் ‘ரிலையபிலிட்டி’ என்பது 99.9 சதவீதம் என்று சொல்வதா?

அது ‘அவைலபிலிட்டி’, அதாவது மொத்த நேரத்தில் எவ்வளவு நேரம் வேலை செய்தது என்ற கணக்கு. ஒரு சேவை 99.9 சதவீதம் கிடைக்கிறது என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய எட்டே முக்கால் மணிநேரம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். 99.999 என்றால் ஐந்தே கால் நிமிடம். ‘ரிலையபிலிட்டி’ இடையில் அறுந்துபோகாமல் ஓடுவதைப் பார்க்கிறது. மணிக்கு ஒரு தடவை ஒரே ஒரு விநாடி நின்றுபோகும் கருவி 99.97 சதவீதம் கிடைக்கிறது. ஆனால் ஒரு மணிநேரத்துக்கு மேல் நீளும் போன் அழைப்பு எதையும் அதில் அறுபடாமல் பேசி முடிக்க முடியாது.

புள்ளியியலிலும் உளவியலிலும் இன்னொரு பொருள். எத்தனை முறை அளந்தாலும் ஒரே விடை வந்தால் அந்த அளவுகோல் ‘ரிலையபிள்’. எப்போதும் 50 கிராம் கூட்டியே காட்டுகிற தராசு அந்தக் கணக்கில் ‘ரிலையபிள்’தான், விடைதான் தப்பு. சரியான விடை தருவதற்கு ‘வேலிட்’ என்று தனிப்பெயர்.

‘செல்ஃப் ரிலையன்ஸ்’ என்றால் தன்னம்பிக்கையா?

இல்லை. தன்னம்பிக்கை ‘செல்ஃப் கான்ஃபிடன்ஸ்’, மனதில் இருப்பது. ‘செல்ஃப் ரிலையன்ஸ்’ செயலில் இருப்பது: தன் கையே தனக்கு உதவி. 2020 மே 12 அன்று பிரதமர் மோடி 20 லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்தோடு அறிவித்த ‘ஆத்மநிர்பர் பாரத்’ ஆங்கிலத்தில் ‘செல்ஃப் ரிலையன்ட் இந்தியா’ ஆனது. தமிழில் தற்சார்பு இந்தியா, சுயசார்பு பாரதம் என்று இரண்டும் ஓடின. ‘தன்னிறைவு’ என்பது வேறு, ‘செல்ஃப் சஃபிஷியன்ஸி’. உணவில் தன்னிறைவு என்றால் வெளியிலிருந்து வாங்கவே தேவையில்லை என்று பொருள். தற்சார்புக்காரர் வாங்கவும் செய்வார், வாங்க முடியாமல் போனால் முடங்க மாட்டார்.

இலங்கைத் தமிழில் இதற்கு வேறு சொல் இருக்கிறதா?

இருக்கிறது. ‘வெளிநாட்டுக் கடனில் தங்கியிருக்கும் பொருளாதாரம்’ என்று இலங்கைச் செய்திகளில் வரும். தமிழ்நாட்டு வாசகருக்குத் ‘தங்கியிருப்பது’ என்றால் லாட்ஜும் உறவினர் வீடும்தான் ஞாபகம் வரும். அங்கே அது ‘டிபென்ட்’, ‘ரிலை’ இரண்டுக்கும் சாதாரணமாகப் புழங்கும் சொல். ‘டிபென்டன்ட்ஸ்’ என்பவர்கள் தங்கிவாழ்வோர். சட்டப் பொருளில் வரும் ‘டிரஸ்ட்’ தமிழ்நாட்டில் அறக்கட்டளை, இலங்கையில் நம்பிக்கைப் பொறுப்பு. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் என்ற பெயர் அப்படி வந்ததுதான். ‘தங்கியிரு’ எனக்குப் பிடித்த சொல். ‘சார்ந்துள்ளது’ என்பதில் இல்லாத உடம்பின் பாரம் அதில் இருக்கிறது.

‘யூ கேன் ரிலை ஆன் மீ’ என்பதைப் பேச்சில் எப்படிச் சொல்வது?

‘நீங்கள் என் மீது நம்பிக்கை வைக்கலாம்’ என்று டப்பிங் படத்தில்தான் பேசுவார்கள். நாம் சொல்வது ‘நான் இருக்கேன்ல’, ‘நான் பாத்துக்கறேன், நீங்க போங்க’. எதிர்ப்பதம் ‘லெட் டவுன்’: நம்பினவரை நட்டாற்றில் விட்டுவிடுவது.

மேலதிகாரிக்கு எழுதும் மெயிலில் ‘ஐ ஆம் ரிலையிங் ஆன் யூ’ போடலாமா?

வேண்டாம். கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்கு எழுதினால் அது வேலை ஏவுவது போல இருக்கும். ‘ஐ டிரஸ்ட் யூ வில்’ என்று தொடங்குவது இன்னும் மோசம். ‘செய்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன்’ என்ற நம் ஊர் மரியாதை, ஆங்கிலத்தில் அதட்டலாகக் கேட்கும். ‘குட் யூ ப்ளீஸ்’ என்று நேராகக் கேட்டுவிட்டு, காரியம் முடிந்த பிறகு, ‘ஐ நியூ ஐ குட் ரிலை ஆன் யூ’ என்று நன்றியோடு எழுதுங்கள். உடன் வேலை செய்கிறவருக்கு, ‘வியாழக்கிழமைக்குள் கணக்கை முடிக்க உன்னைத்தான் நம்பியிருக்கேன்’ என்பதற்கு மட்டும் ‘ரிலையிங்’ தாராளமாகப் போடலாம்.